வெயிலில் ஒழுகும் கூரை

ஏப்ரல் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, வானத்தில் பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லாதபோது, எல்மா லாட்வாலாவின் சமையலறை ஒழுக ஆரம்பித்தது. முதல் சொட்டு அடுப்பு மேடையில் விழுந்தது. இரண்டாவது சொட்டு, ஆறட்டும் என்று துணி போர்த்தி வைத்திருந்த நிசு ரொட்டியின் மேல் விழுந்தது. ஏலக்காய் இடித்துப் போட்டு, விடியற்காலை எழுந்து பிசைந்து, பின்னல் பின்னிச் சுட்ட ரொட்டி. எல்மா அதைக் கைக்குழந்தையைப் போல அள்ளிக்கொண்டு போய்ப் படுக்கையறை அலமாரியில் வைத்துவிட்டு, பாத்திரங்களோடு திரும்பி வந்தாள்.

எந்த இடத்துக்கு எந்தப் பாத்திரம் என்பது அவளுக்கு மனப்பாடம். அடுப்பு மேடைக்கு நீலக் கிண்ணம், நாற்காலி ஓரத்துக்கு மீன் கழுவும் அலுமினியத் தட்டு, சவுனா என்கிற ஆவிக்குளியல் அறையின் கதவுக்கு முன்னால் ஊறுகாய் ஜாடி. இது ஏழாவது வசந்தம். மார்ச் கடைசியிலோ ஏப்ரல் நடுவிலோ தொடங்கி மூன்று வாரம் வீடு அழும். பிறகு வருடம் முழுக்கக் கண் கலங்காது.

எல்மாவுக்குச் சும்மா உட்கார வராது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்றே வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுவாள். இடுப்பு எலும்பை மாற்றிய டாக்டர், "அம்மா, இனிமேலாவது உட்காருங்க" என்று சொன்னதற்கு, சரி சரி என்று தலையாட்டிவிட்டு ஆஸ்பத்திரி நடையில் நடக்கக் கிளம்பினாள். அப்படிப்பட்டவளை இந்த மூன்று வாரமும் பாடாய்ப் படுத்தும். டொக், டொக் என்று நாலு மூலையிலும் கேட்கும்போது கைவேலை எதுவும் ஓடாது. கிண்ணத்தைக் கொட்டுவாள், வைப்பாள், சன்னலுக்குப் போவாள், திரும்புவாள்.

இந்த வருடம் அந்தத் தவிப்போடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவளுடைய அண்ணன் ஆர்விட் வெள்ளிக்கிழமை ஊரைவிட்டே போகிறான். வீட்டை விற்றாகிவிட்டது. அரிசோனாவில் இருக்கும் அவன் மகள் வந்து கூட்டிப்போகிறாள். பனியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், முட்டிக்கு வெயில்தான் நல்லது என்று மகள் சொல்லிவிட்டாள். எழுபத்துமூன்று வயதில் இரண்டாயிரம் மைல் தள்ளிப் போகிறவன் திரும்பி வந்து பார்ப்பான் என்று எல்மாவுக்கு நம்பிக்கை இல்லை. இங்கிருந்து எட்டு மைலில் இருக்கும்போதே ஆறு வருடமாக அவன் இந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. போவதற்கு முன் ஒரு வேளை, ஒரே ஒரு வேளை, தன் மேசையில் உட்கார்ந்து அவன் காபி குடிக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்குக் குறுக்கே நின்றது அவள் தலைக்குமேல் இருந்த கூரை. அந்தக் கூரையைப் போட்டவனே ஆர்விட்தான்.

நாற்பத்திரண்டு வருடம் கூரை போட்டுப் பிழைத்தவன் அவன். கேல்யூமெட் டவுனிலிருந்து தெற்கே ஏரிக்கரை வரை பாதி வீடுகளுக்கு அவன் கை பட்டிருக்கும். தங்கை வீட்டுப் பழைய மர ஓடுகள் உளுத்துப் போனதும், ஒரு செப்டம்பரில் தானே வந்து எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் தார் பூசிய புதுத் தாள் ஓடுகளை ஆணி அடித்துப் போட்டுக் கொடுத்தான். அடுத்த ஏப்ரலில் ஒழுகிற்று. எல்மாவின் கணவன் ரெய்னோ, சாலைப் பனி தள்ளும் வண்டியை இருபத்தெட்டு வருடம் ஓட்டியவன், எதிரே எது வந்தாலும் தள்ளிவிட்டுப் போகிற பழக்கம் அவனுக்கு வண்டியை விட்டு இறங்கிய பிறகும் போகவில்லை. ஒழுகிய மூன்றாம் நாள், கூட்டுறவுக் கடையின் காபி மேசையில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்க, "கோழிக்குத் தீவனம் வீசுற மாதிரி ஆணி அடிச்சிருக்கான் என் மச்சான்" என்று ஆரம்பித்தான்.

ஊருக்கு இது போதாதா? ஏப்ரல் என்பது இங்கே ஒரு மாதமே அல்ல, பாதி சேறு, பாதி அழுக்குப் பனி. மீன் பிடிக்கவும் முடியாது, தோட்டம் கொத்தவும் முடியாது. வாய்க்குத்தான் வேலை. ஒரு வாரத்தில், ஓட்டை விழுந்த ரப்பர் பூட்ஸைப் பார்த்து ஒருவன், "என்னப்பா, ஆர்விட் போட்டதா?" என்று கேட்டான். மேசை குலுங்கச் சிரித்தது. அதிலிருந்து தண்ணீர் நிற்காத எதற்கும் அதுதான் பெயர். ஒழுகும் படகு ஆர்விட் படகு. ஒழுகும் மூக்குக்கூட ஆர்விட் மூக்கு. அந்தக் கோடைக்குப் பிறகு ஆர்விட் ஏணியில் ஏறவில்லை. யாரும் அவனைக் கூப்பிடவில்லை என்றுதான் எல்மா நினைத்தாள், ஊரும் அப்படித்தான் நினைத்தது.

கொல்லைக் கதவு திறந்தது. ரெய்னோ தொப்பியைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நிமிர்ந்து பார்த்தான்.

"வந்துருச்சா?"

"வராம? அழைக்காமயே வர்ற விருந்தாளி அது ஒண்ணுதான்."

"சிம்னிப் பக்கமாத்தான் இருக்கும். போன வருஷம் அங்க தார் கொஞ்சம் கம்மியாத்தான் பூசினேன்."

"ரெய்னோ, ஆர்விட் வெள்ளிக்கிழமை போறான்."

"தெரியும்."

"நாளன்னிக்குச் சாப்பிடக் கூப்பிடலாம்னு இருக்கேன்."

ரெய்னோ ஊறுகாய் ஜாடியை இரண்டு விரல்கடை நகர்த்தி வைத்தான். அது முதலில் இருந்த இடமே சரி. "வரட்டுமே. நான் வேணாங்கலியே. வந்து, ஆமா ரெய்னோ, நான்தான் தப்பா அடிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் வயிறாரச் சாப்பிட்டுட்டுப் போகட்டும்."

"அவன் சொல்ல மாட்டான்."

"அப்ப நான் என்ன பண்ண முடியும்?" என்று சொல்லிவிட்டுத் தார் டப்பாவைத் தேடிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டான்.

இந்த ஊர் ஆண்களுக்கு உடைந்த எலும்போடு பத்து மைல் நடக்க வரும், மன்னிப்புக் கேட்க மட்டும் வராது. இரண்டு பேருமே அப்படித்தான். நடுவில் மாட்டிக்கொண்டவள் எல்மா. அன்று முழுவதும் அவள் தொலைபேசியை எடுத்தாள், வைத்தாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? அம்மா இறந்தபோது அவளுக்குப் பதினொரு வயது, ஆர்விட்டுக்குப் பதினாலு. அப்பா சுரங்கத்தில் இரவு வேலை. அவளை எல்லி என்று கூப்பிட்டு, தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பியவன் ஆர்விட். கயிறு திரிக்கிற மாதிரி இறுக்கிப் பின்னுவான், நாளெல்லாம் மண்டை வலிக்கும். அவனைக் கூப்பிடவா இவ்வளவு யோசிக்க வேண்டும் என்று நினைத்து, தொலைபேசியை மறுபடி எடுத்தாள், எண்ணை அழுத்தாமலே வைத்தாள்.

புதன்கிழமையும் அதே வெயில். ரெய்னோ காலையிலேயே ஏணி சாத்திக் கூரைமேல் ஏறிவிட்டான். தெற்குப் பக்கத்துப் பனியெல்லாம் என்றைக்கோ வழிந்துபோய் ஓடு காய்ந்து கிடந்தது. வடக்கு விளிம்பில் இருந்ததையும் நீளக்கழி வைத்து அவனே வாரித் தள்ளியிருந்தான். ஆனாலும் கீழே சமையலறையில் மழை. எல்மா நீலக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்று மேலே பார்த்தாள், பிறகு உள்ளே வந்து மேலே பார்த்தாள். வெளியே காய்ந்த கூரை, உள்ளே ஈரக் கூரை.

போன ஜூலையில் இடி இடித்து மூன்று நாள் கொட்டித் தீர்த்ததே, அப்போது ஒரு சொட்டு விழவில்லையே என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. தோன்றியதும் நீலக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். ரெய்னோவிடம் முன்பு ஒரு தடவை அவள் இதைக் கேட்டிருக்கிறாள். "பனிக்கட்டி ஓட்டுக்கு அடியில புகுந்து நெம்பும், அதுக்கும் மழைக்கும் சம்பந்தம் இல்ல" என்று அவன் அடித்துச் சொன்னான். அவன் சொன்னால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவளும் முடிந்துபோக விட்டுவிட்டாள்.

இப்போது நினைவுக்கு வந்தது பள்ளிக்கூடச் சமையலறை. ஒரு ஜனவரியில் அடுப்புக்கு மேலே இருக்கிற பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுபோய்விட்டது. இரண்டு அண்டா சூப் கொதித்தது. ஒரு மணி நேரத்தில் உட்கூரை முழுவதும் வியர்த்து, பிள்ளைகளின் தட்டில் சொட்ட ஆரம்பித்தது. அன்றைக்கு யாரும் கூரைக்காரனைக் கூப்பிடவில்லை, ஃபேனைத்தான் சரி செய்தார்கள்.

அவள் கண் தானாகச் சவுனா அறைக்கதவுக்குப் போனது.

அந்தச் சவுனா அவளுக்காகக் கட்டியது. பழைய சவுனா ஓடைக்கரையில், அறுபது அடி தள்ளி. இடுப்பு அறுவைக்குப் பிறகு பனியில் அவ்வளவு தூரம் நடக்க முடியாமல், ஒரு சனிக்கிழமை சவுனா இல்லாமல் கழிந்தது. இந்த ஊரில் பிறந்தவர்களுக்குச் சனிக்கிழமை சவுனா இல்லையென்றால் வாரம் முடியாது. எல்மா அழுதுவிட்டாள். மறுநாளே ரெய்னோ பின்னறையைக் காலி செய்து, மரப்பலகை அடித்து, கல் அடுப்பு வைத்து, நவம்பர் முடிவதற்குள் வீட்டுக்குள்ளேயே ஒரு சவுனா கட்டிக் கொடுத்தான். கூரை புதிதாகப் போட்ட அதே வருடம். வாரம் இரண்டு தடவை, புதனும் சனியும், காய்ந்த கல்லில் நீர் ஊற்றி ஆவி எழும்பும்போது அவள் இடுப்பு வலியெல்லாம் கழன்று விழும். முடிந்ததும் சுவரில் இருக்கிற பொத்தானை அழுத்தினால் ஃபேன் ஆவியை இழுத்துக்கொள்ளும். எங்கே இழுக்கிறது என்று அவள் கேட்டதே இல்லை.

கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே இருக்கிற பரணுக்கு வாசல் துணி அலமாரிக்குள் இருந்தது. மூன்று படி உள்ள சமையலறை ஏணியை இழுத்து வந்து போட்டாள். டாக்டர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். நல்ல காலை முதலில் வைத்து, இடுப்பு மாற்றிய பக்கத்துக் காலை இழுத்துக்கொண்டு, பலகையைத் தள்ளிவிட்டு, டார்ச்சோடு தலையை மேலே நுழைத்தாள்.

பரண் முழுவதும் மின்னியது. கூரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு வந்திருந்த ஓட்டு ஆணிகளின் முனையில் எல்லாம் ஒவ்வொரு சொட்டு. வெயில் படாத வடக்குச் சரிவில் அந்த ஆணிகள் இன்னும் வெள்ளையாக உறைபனி பிடித்துக் கிடந்தன, பலகையெல்லாம் கறுத்துப் போயிருந்தது. கீழே குளிர் தாங்குவதற்காக விரித்திருந்த பஞ்சில், ஒவ்வொரு ஆணிக்கும் நேர்கீழே ஒரு சின்னக் குழி. வெள்ளி நிறக் குழாய் ஒன்று சவுனா அறைப்பக்கத்திலிருந்து கிளம்பி, பஞ்சுமேல் படுத்து, வெளியே போகாமல் அங்கேயே முடிந்திருந்தது. அதன் வாய்க்கு நேர்மேலே ஒரு பூசணிக்காய் அளவுக்குப் பனிக்கட்டி. இரண்டு பக்கச் சுவரிலும் காற்று போக விட்டிருந்த சன்னல்களை, பனித்தூள் உள்ளே வருகிறது என்று ரெய்னோ பலகை வைத்து அறைந்திருந்தான்.

குளிர்காலம் பூராவும் விட்ட ஆவி அவ்வளவும் மேலே போய் உறைந்து, சேர்ந்து, முதல் வெயிலுக்கு உருகி இறங்குகிறது. கூரை ஒழுகவே இல்லை. ஏழு வசந்தமாக அவள் பாத்திரம் வைத்து ஏந்தியது அவளுடைய சொந்தச் சவுனாவின் ஆவியைத்தான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. வேறு ஒன்று நினைவுக்கு வந்தது. முதல் வருடம் ஆர்விட் வந்து கூரைமேல் இரண்டு மணி நேரம் ஊர்ந்து பார்த்துவிட்டு, சமையலறையில் நின்று, "பரணைக் கொஞ்சம் தொறங்க, உள்ள பாக்கணும்" என்றான். "தப்பு மேல இருக்கு, உள்ள என்ன தேடுற? சாக்கா?" என்று ரெய்னோ கத்தினான். வார்த்தை தடித்தது. அப்போது எல்மா என்ன செய்தாள்? தரையைத் துடைத்துத் துடைத்துச் சலித்துப் போயிருந்தாள். ஆணியில் மாட்டியிருந்த அண்ணன் தொப்பியை எடுத்து அவன் கையில் கொடுத்து, "போதும் ஆர்விட், இப்பப் போ" என்றாள். இத்தனை வருடமாக இதை ஆண்களின் சண்டை என்றே அவள் சொல்லி வந்திருக்கிறாள்.

தலைக்கு மேலே சரக் சரக் என்று சத்தம். ரெய்னோ தார் பூசிக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு பலகைதான். எல்மா டார்ச்சின் பின்பக்கத்தால் பலகையை ஓங்கித் தட்டினாள்.

சத்தம் நின்றது. "யாரு?" என்றான் ரெய்னோ, கூரையைப் பார்த்து.

"நான்தான். எறங்கி வா."

"நீ எங்க இருக்க?"

"உன் காலுக்கு அடியில. இத்தனை வருஷமா நீ பாக்காத எடத்துல. எறங்கி வா ரெய்னோ."

அவன் வந்தான். ஏணியில் ஏறினான். சவுனா கட்டிய காலத்தில் அந்த வாசலுக்குள் புகுந்து புறப்பட்டவன்தான், இப்போது தலையும் ஒரு தோளும் போனது, வயிறு போகவில்லை. அப்படியே நின்று டார்ச்சை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினான். கீழே அவன் கால்கள் மட்டும் தெரிந்தன. அந்தக் கால்கள் நெடுநேரம் அசையவில்லை.

இறங்கி வந்தவன் முகத்தில் தார் ஒட்டியிருந்தது. "நல்ல கூரையில எதுக்கு ஓட்டை போடணும்னுதான்..." என்று ஆரம்பித்தான். "அப்புறம் அந்தச் சூட்டை வெளிய விட்டா வீண். பரண்ல விட்டா வீடு கொஞ்சம் கதகதன்னு இருக்கும்னு."

"வீணாக்கலதான். ஒரு சொட்டு விடாமச் சேத்து வெச்சுத் திருப்பிக் குடுத்திருக்க."

அவன் வெளியே போய் விறகு பிளக்க ஆரம்பித்தான். பிளந்த விறகு போன வாரமே மலைபோல் கிடந்தது. எல்மா சன்னலில் நின்று பார்த்தாள். கோபம் வந்தது, அடுத்த நிமிடம் பாவமாக இருந்தது. அவளுக்காக ஆசையாகச் செய்ததுதான் அது. ஆசையாகச் செய்த காரியத்தால் ஒரு மனிதனின் பெயரே ஊரில் வசவாகிப் போய்விட்டதே என்று திரும்பக் கோபம் வந்தது. அன்று புதன்கிழமை, சவுனா நாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

நாலு மணிக்கு ரெய்னோ உள்ளே வந்தான். "சாயங்காலம் ஆர்விட் வீட்டுக்குப் போயிச் சொல்லிட்டு வந்துடறேன். எனக்கும் அவனுக்கும் நடுவுல முடிச்சுக்கறோம்."

"ஆர்விட் வீட்டுல வெச்சா நீ சொன்ன?"

அவன் சட்டையில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டினான்.

"கடையில சொன்ன. எட்டுப் பேரு காபி குடிக்கறப்ப சொன்ன. என் அண்ணன் பேரை ஊரு ஓட்டைச் செருப்புக்கு வெச்சுருக்கு. அவன் வீட்டு வாசல்ல போயி ரகசியமாச் சொல்லிட்டு வந்தா அந்தப் பேரு போயிடுமா?"

"எல்மா, அவனுங்க முன்னாடி..."

"ஆமா. அவனுங்க முன்னாடிதான்."

"அப்புறம் என் பேரை வெச்சுடுவானுங்க."

"வெக்கட்டும்," என்றாள் எல்மா. "அவன் ஆறு வருஷம் சுமந்தான். நீ ஒரு வருஷம் சுமந்து பாரு."

அந்த இரவு அவன் சாப்பிட்ட கையோடு விளக்கை அணைத்துப் படுத்துவிட்டான். வியாழக்கிழமை காலை வழக்கம்போல் ஏழு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனான். போகும்போது சொல்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தினமும் ஒன்பதுக்கு வந்துவிடுவான். ஒன்பது ஆயிற்று. ஒன்பதரை ஆயிற்று. எல்மா கிண்ணங்களைக் கொட்டினாள். காபி போட்டாள், ஊற்றாமல் வைத்தாள். படுக்கையறையில் இருந்த ரொட்டியை எடுத்து வந்து மேசையில் வைத்தாள், யாருக்கு என்று வெட்கப்பட்டுத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள். சொல்லியிருப்பானா? சொல்லாமல் எங்காவது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பானா? நாளைக்கு இந்நேரம் ஆர்விட் வண்டியேறியிருப்பான் என்ற நினைப்பு வந்ததும் அவளுக்கு நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டாள். தானே போய்விடுவது என்று சாவியைத் தேடினாள்.

முற்றத்தில் வண்டிச் சத்தம். ரெய்னோவின் வண்டி அல்ல, ஆர்விட்டின் பச்சை வண்டி. அதற்குப் பின்னால் ரெய்னோவின் வண்டி வந்து தள்ளி நின்றது. ரெய்னோ இறங்கவில்லை.

ஆர்விட் சேற்றைப் படியில் தேய்த்துவிட்டு உள்ளே வந்தான். ஒல்லியாகப் போயிருந்தான். கழுத்து சட்டைக்குள் ஆடியது.

"ரெய்னோ என் வீட்டுக்கு வந்தான்," என்றான் ஆர்விட். "கூட அந்தக் காபி மேசைக் குஸ்டா மெட்சாலாவையும் கூட்டிக்கிட்டு வந்திருந்தான், சாட்சிக்கு. கடையில எழுந்து நின்னு சொன்னானாம். தப்பு கூரையில இல்ல, எங்க சவுனா ஆவியிலன்னு. நான் நம்ப மாட்டேன்னு குஸ்டாவை இழுத்துட்டு வந்திருக்கான். குஸ்டா பாதிக் காபியில எழுந்து வந்தவன், கையில டம்ளரோட நிக்கறான்."

"எல்லாரும் சிரிச்சாங்களா?"

"ஒருத்தன் சிரிச்சானாம். ரெய்னோ அவனைப் பாத்துச் 'சிரிக்கறதுன்னா என்னைப் பாத்துச் சிரி'ன்னானாம்." ஆர்விட் உட்கூரையை நிமிர்ந்து பார்த்தான். "பரண் எங்க?"

துணி அலமாரியில் ஏணி போட்டபடியே இருந்தது. அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினான். உடம்பு மெலிந்திருந்ததால் சுலபமாக உள்ளே போய்விட்டான். சட்டத்துக்குச் சட்டம் அவன் தவழ்ந்து போகிற சத்தம் எல்மாவின் தலைக்குமேல் நகர்ந்தது. சமையலறை, நடை, படுக்கையறை. திரும்ப நடை. ஒரு வீட்டின் பரணில் பார்க்க அவ்வளவு என்ன இருக்கிறது? குழாய் கண்ணுக்கு முன்னாலேயே கிடக்கிறது. எல்மா ஏணியடியில் நின்றுகொண்டே இருந்தாள். ரெய்னோ ஓசையில்லாமல் உள்ளே வந்து, நடையில் சுவரோடு ஒட்டி நின்றான்.

கடைசியில் பரண் வாசலில் ஆர்விட்டின் கால் தெரிந்தது. இறங்கினான். தலை, தோள், முதுகு எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவள் துண்டு நீட்டினாள். அவன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான், துடைக்கவில்லை.

எல்மா முந்திக்கொண்டாள். "ஆர்விட், அன்னிக்கு உன் தொப்பியை எடுத்துக் குடுத்தது நான். ரெய்னோ இல்ல. நான்தான் உன்னைப் போன்னு சொன்னேன்."

"ஆமா," என்றான் ஆர்விட். "நீதான்."

மறுக்கவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது, வலிக்கவும் வலித்தது.

மேசைக்கு வந்தார்கள். அவள் காபி ஊற்றினாள். ரொட்டியை வெட்டி வைத்தாள். ரெய்னோ எதிர் நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து, "ஓட்டை போட்டுக் குழாயை வெளிய விடணும். நீ போட்டுக் குடுத்தா..." என்று இழுத்தான்.

"ஏணி, சுத்தியெல்லாம் போன மாசமே வித்துட்டேன். நீயே போடு. தெக்குச் சரிவுல, உச்சிக்கு ரெண்டு அடி கீழ. ரெண்டு பக்கச் சன்னலையும் தொற. அந்தத் தாரெல்லாம் சுரண்டாத, ஓடு பிஞ்சு வந்துடும்." ஒரு துண்டு ரொட்டி எடுத்தான். மென்று விழுங்கினான். "உள்ள பாத்தேன். எல்லா ஆணியும் நேர்வரிசையில இருக்கு. ஒண்ணுகூடச் சாயல. முந்நூறு, நாநூறு வரைக்கும் எண்ணிக்கிட்டே போனேன். பலகைச் சந்துல விழுந்தது ஒண்ணு கெடையாது."

"தெரியும் ஆர்விட்," என்றாள் எல்மா. "உன் வேலை எனக்குத் தெரியாதா? ஊர்தான் உன்னைக் கூப்பிடாம விட்டுடுச்சு."

ஆர்விட் அவளைப் பார்த்தான். "ஊரு கூப்பிட்டுச்சு எல்லி. அந்தக் கோடையில மட்டும் மூணு வீடு கூப்பிட்டாங்க. சிரிக்கறவன் சிரிப்பான், கூரைன்னா என்னைத்தான் கூப்பிடுவான். நான்தான் ஏறல."

"ஏன்?"

அவன் கையில் இருந்த துண்டை மடித்தான், பிரித்தான். "நான் நம்பிட்டேன். இவன் சொன்னது நெசமா இருக்கும்னு. மேல எவ்வளவு பாத்தும் தப்பு தெரியல. தெரியாத தப்புதானே பெரிய தப்பு? வயசாயிடுச்சு, கையில கணக்குத் தப்ப ஆரம்பிச்சிருச்சு, எனக்கே தெரியாம எங்கியோ விட்டிருக்கேன்னு நெனச்சேன். அடுத்த வீட்டுல ஏணி வெச்சேன். காலைத் தூக்கி வெக்க முடியல. அன்னிக்குப் பரணைத் தொறன்னு கேட்டது சண்டைக்கு இல்ல. எனக்குத் தெரிஞ்சாகணும்னு கேட்டேன்."

ரெய்னோ தன் கோப்பையைத் தள்ளி வைத்தான். எல்மா நாற்காலியை இழுத்து அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரே ஒரு தடவை ஒரு பலகையைத் தள்ளியிருந்தால் தெரிந்திருக்கக்கூடியது. அவள் கை அவன் ஈரச் சட்டையில் போய் நின்றது. அவன் அதைத் தள்ளவில்லை.

வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆர்விட் கோப்பையைத் தூக்கி இரண்டு மிடறு குடித்தான். பிறகு நிறையக் காபி மீதம் இருக்கும்போதே அதை மேசையில் வைத்துவிட்டு எழுந்தான்.

"உக்காரு, ஆறிடும்," என்றாள் எல்மா.

"இரு. அந்த ஆணியெல்லாம் இன்னொரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."

அவன் துணி அலமாரியை நோக்கி நடந்தான். ரெய்னோ அவசரமாக எழுந்து பின்னால் போய், அவன் ஏறி முடிக்கும்வரை ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.